கணப்படுப்பு சரியாக எரியவில்லையா? விறகைப் பிளந்து பாருங்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுக்கு வெப்பம் தரும் விறகுக் கணப்படுப்பு புகைகிறது, கண்ணாடி கறுக்கிறது, அறை சூடேறவில்லை என்றால் எல்லோரும் முதலில் அடுப்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். கதவு விளிம்பில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றுகிறார்கள், புகைபோக்கியை உயர்த்துகிறார்கள், சிலர் அடுப்பையே மாற்றிவிடுகிறார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் வாங்கிய விறகில் இருக்கிறது, அதிலும் விறகுக்குள் நிற்கும் தண்ணீரில். கீழே உள்ள அறிகுறிகளில் எது உங்களுடையதாக இருந்தாலும் முதல் இரண்டு சோதனைகளையும் செய்துவிட்டு அந்தப் பகுதிக்குப் போங்கள். இங்கே சொல்வதெல்லாம் கதவும் கண்ணாடியும் உள்ள மூடிய இரும்பு அடுப்புக்கானது.

முதல் சோதனை: காய்ந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த மரத்தை எரித்துப் பாருங்கள்

அறுத்து உலர்த்திய பலகையின் மிச்சத் துண்டுகள் தச்சுப் பட்டறையில் கிடைக்கும். பெயின்ட், வார்னிஷ், பூச்சி மருந்து எதுவும் படாததாக இருக்க வேண்டும். பிளைவுட், எம்.டி.எஃப். கூடாது. சிறிய அடுப்புக்கு ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ போதும். நன்றாக உலர்ந்த துண்டுகள் வேகமாக எரியும் என்பதால் எரியறையை நிரப்பிவிடாதீர்கள். காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்து பற்றவைத்து, ஒரு மணி நேரம் வழக்கம்போல எரியவிடுங்கள்.

புகை நின்று, கண்ணாடி தெளிவாக இருந்தால் குற்றவாளி உங்கள் விறகு. இதே தொல்லை இந்தத் துண்டுகளிலும் தொடர்ந்தால் அடுப்பு, புகைபோக்கி, அறைக்குள் வரும் காற்று ஆகிய மூன்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த உதிரிபாகத்தையும் வாங்காதீர்கள்.

இரண்டாம் சோதனை: ஈரத்தை அளப்பது

இரண்டு முள் கொண்ட ஈரமானி போதும். ஆனால் அதைக் குத்தும் இடம்தான் எல்லாம். கட்டையின் வெளிப்பக்கத்திலோ வெட்டுமுனையிலோ குத்தினால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. தண்ணீர் நாரோட்டத்தின் வழியாகத்தான் வேகமாக வெளியேறும், பக்கவாட்டில் மிக மெதுவாக. அதனால் முனை காய்ந்து வெடித்திருக்கும்போதே நடுப்பகுதி பச்சையாக இருக்கலாம்.

சுமையின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று மூன்று கட்டைகளை எடுங்கள். இருப்பவற்றில் பருமனானதாகப் பார்த்து எடுங்கள். வெளியே குளிரில் கிடந்த கட்டை என்றால் ஒரு நாள் வீட்டுக்குள் வைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த மரத்தில் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், உறைந்த மரத்தில் காட்டும் எண் எதற்கும் உதவாது. பிறகு கோடரியால் இரண்டாகப் பிளந்து, அப்போதே திறந்த உள்முகத்தின் நடுவில், இரண்டு முள்ளும் நாரோட்டத் திசையில் வரும்படி அழுத்திக் குத்துங்கள். ஒரு கட்டையில் மூன்று இடம், மூன்றின் சராசரி. கணு இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எண்ணைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் மீட்டர்களில் பெரும்பாலானவை தண்ணீரின் எடையை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்கின்றன. விறகு வியாபாரத்தில் பல இடங்களில் மொத்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்கிறார்கள். முதல் கணக்கில் 25 சதவீதம் என்பது இரண்டாம் கணக்கில் 20. விற்பவர் சொன்ன எண்ணும் உங்கள் மீட்டர் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், சண்டைக்குப் போவதற்கு முன் இருவரும் எந்தக் கணக்கில் பேசுகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீட்டரில் 20-க்குக் கீழ் வந்தால் நல்ல விறகு. 20 முதல் 25 வரை எரிக்கலாம், ஆனால் காற்றைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 25-க்கு மேல் போனால் இந்தக் குளிர்காலத்துக்கு அது விறகில்லை. 30-ஐத் தாண்டினால் மீட்டர் துல்லியமாக இருக்காது. "மிகவும் ஈரம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லையென்றால் தராசும் ஓவனும் இருந்தால் போதும். சொல்லப்போனால் இதுதான் துல்லியமான முறை. கட்டையின் நடுப்பகுதியிலிருந்து 2 செ.மீ. தடிமனில் ஒரு வில்லை அறுத்து உடனே எடை போடுங்கள். ஓவனில் சுமார் 103 டிகிரி செல்சியஸில் வைத்து, எடை இனிக் குறையவில்லை என்று ஆகும்வரை உலர்த்துங்கள். 400 கிராம் இருந்தது 310 கிராமில் நின்றால் போனது 90 கிராம் தண்ணீர். 90-ஐ 400-ஆல் வகுத்தால் 22.5 சதவீதம், 310-ஆல் வகுத்தால் 29. ஓவனைத் தனியாக விட்டு வெளியே போகாதீர்கள்.

இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்ப்பதும், முனையில் வெடிப்பு தேடுவதும் துணைக்கு மட்டும். காய்ந்த கட்டைகள் கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மந்தமாக ஒலிக்கும். ஆனால் பாதி காய்ந்ததையும் முழுதாகக் காய்ந்ததையும் காது பிரித்தறியாது.

தண்ணீர் ஏன் இவ்வளவு கெடுக்கிறது

ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க சுமார் 2.6 மெகாஜூல் வேண்டும். முழுக்க உலர்ந்த மரம் கிலோவுக்கு 18 முதல் 19 மெகாஜூல் தருவதால், இந்த நேரடி இழப்பு பலர் நினைப்பதைவிடச் சிறியது. பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் சூட்டில் வாயுவாகப் பிரிந்துவிடும். மீதிதான் கரியாக எரிகிறது. அந்த வாயு முழுதாக எரிய எரியறை 600 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். ஈரம் அந்தச் சூட்டைக் கீழே இழுத்துவிடுகிறது. எரியாத வாயு புகையாகவும், தார் போன்ற கீலாகவும் புகைபோக்கி வழியே போகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தின் பெரும்பகுதி அந்தப் புகையில்தான் இருக்கிறது.

அறிகுறி: தீ பற்ற மறுக்கிறது, பற்றினாலும் கட்டை கறுத்து அணைகிறது

மீட்டர் 25-க்கு மேல் காட்டினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். 20-க்குக் கீழ் இருந்தும் பற்றவில்லை என்றால் கட்டையின் அளவைப் பாருங்கள். பிளக்காத உருண்டைக் கட்டையைப் பட்டை சுற்றிக் காக்கிறது. எவ்வளவு காய்ந்திருந்தாலும் அது தொடக்கத் தீக்கு ஆகாது. குறுக்களவு 8 முதல் 12 செ.மீ. இருக்கும்படி பிளந்த கட்டைகள் நடுத்தர அடுப்புக்குச் சரியாக வரும். பற்றவைக்க விரல் பருமனில் சுள்ளி ஒரு கைப்பிடி, அதைவிடச் சற்றுத் தடித்த சிறாய் ஐந்தாறு வேண்டும்.

அடுக்கும் முறையையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு கட்டைகளை அடியில் விரல் இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் மேல் சிறாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் சுள்ளியை வைத்து மேலிருந்து பற்றவையுங்கள். தீ மேலிருந்து இறங்கும்போது கீழிருந்து கிளம்பும் வாயு அந்தத் தீயின் ஊடாகத்தான் போக வேண்டும் என்பதால் புகை குறையும், புகைபோக்கியும் சீக்கிரம் சூடேறும்.

அறிகுறி: கட்டையின் முனையில் நுரை தள்ளுகிறது, "உஸ்" என்று சத்தம் வருகிறது

இது ஈர விறகு. நுரைக்கு வேறு விளக்கமே கிடையாது. வெட்டுமுனையில் குமிழி குமிழியாக வருவது மரத்தின் நுண்குழாய்கள் வழியே வெளியேறும் நீராவி. வெளிப்பக்கம் மழையில் நனைந்த காய்ந்த கட்டையும் சிறிது நேரம் சீறும், ஆனால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். முனையில் நுரை வராது. நுரை வந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது.

அந்தக் கட்டையை வெளியே எடுக்க முயலாதீர்கள். காற்றை முழுதாகத் திறந்து எரித்து முடியுங்கள். ஈர விறகைக் காய்ந்த விறகோடு கலந்து எரித்தால் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். தீ எரிவதுபோலத் தெரியும், ஆனால் ஈரம் எங்கும் போவதில்லை. காய்ந்த விறகின் சூடு அதை ஆவியாக்கவே செலவாகிறது.

அறிகுறி: கண்ணாடி கறுக்கிறது

எப்படிக் கறுக்கிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணாடி முழுவதும் பழுப்பாகத் தொடங்கி கறுப்பாக மாறி, தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் ஈர விறகு, அல்லது காற்றை அளவுக்கு மேல் அடைத்து எரிப்பது. இரவு முழுவதும் எரியட்டும் என்று கட்டைகளை அடைத்துக் காற்றை மூடிவிடும் பழக்கம் இருந்தால் காய்ந்த விறகிலும் இதுதான் நடக்கும். ஒரே மூலையில் மட்டும் கறை என்றால் அந்தப் பக்கம் கேஸ்கெட் தளர்ந்து காற்று கசிகிறது. நடுவில் கீழ்ப்பக்கம் ஒரு திட்டு என்றால் கட்டை கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு எரிகிறது. இங்கேதான் விறகின் நீளம் வருகிறது. எரியறையின் உள் அகலத்தை அளந்து, அதைவிட 5 செ.மீ. குறைவான நீளத்தில் விறகு கேளுங்கள். 33 செ.மீ. கட்டையை 30 செ.மீ. எரியறையில் சாய்த்துத் திணிப்பவர்களின் கண்ணாடி என்றும் சுத்தமாக இருக்காது.

அடுப்பு ஆறிய பிறகு, ஈரமான செய்தித்தாளை மென்சாம்பலில் தோய்த்துத் தேய்த்தால் லேசான கறை போய்விடும்.

அறிகுறி: கதவைத் திறந்தால் புகை அறைக்குள் வருகிறது

இது எப்போதும் விறகின் தவறு அல்ல. முதல் சோதனையில் காய்ந்த துண்டுகளிலும் புகை திரும்பியிருந்தால் புகைபோக்கியின் மூடியில் அடைப்போ பறவைக்கூடோ இருக்கிறதா, சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். இறுக்கமாக அடைத்த வீட்டில் அந்த விசிறி, புகையை மேலே இழுத்துச் செல்லும் அடுப்பின் இழுவையையே எதிர்த்து இழுக்கும். அடுப்பு இருக்கும் அறையின் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்ததும் புகை நின்றால், உள்ளே வரும் காற்று போதவில்லை.

காய்ந்த துண்டுகளில் வராத புகை உங்கள் விறகில் வந்தால், புகைபோக்கி சூடேறவில்லை, அதனால் இழுவை இல்லை. எந்த நிலையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை. புகை தெரியாதபோதும் அது அறையில் இருக்கலாம்.

அறிகுறி: புகைபோக்கியில் கறுப்புக் கீல், கடுமையான புகை நெடி

எல்லா அறிகுறிகளிலும் அலட்சியம் செய்யக்கூடாதது இது. புகை புகைபோக்கிச் சுவரில் 120 டிகிரிக்குக் கீழ் குளிரும்போது அதிலுள்ள நீராவியும் கீலும் படிகின்றன. முதலில் துடைத்தால் உதிரும் கரித்தூள். பிறகு மொறுமொறுப்பான செதில். கடைசியில் கண்ணாடிபோல மினுமினுக்கும் கெட்டிப் பூச்சு. தூரிகையால் முதலிரண்டையும் நீக்கலாம். மூன்றாவதைத் தொழில் தெரிந்தவர்தான் எடுக்க முடியும். அந்தப் பூச்சு தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் 1000 டிகிரிக்கு மேல் போகும். சுவர் வெடிக்கும், பக்கத்து மரச்சட்டம் பற்றும்.

ஒற்றைச் சுவர்க் குழாய் இருந்தால் அடுப்புக்கு மேல் 45 செ.மீ. உயரத்தில் காந்தத் தெர்மாமீட்டர் ஒன்றை ஒட்டிவையுங்கள். எரியும்போது 120-க்கும் 240-க்கும் இடையில் நிற்க வேண்டும். காற்றைப் போதிய அளவு திறந்தும் முள் 120-க்குக் கீழேயே கிடந்தால் விறகைச் சந்தேகியுங்கள்.

பைன் போன்ற பிசின் மரங்கள்தான் கீல் படிய வைக்கும் என்று பரவலாக நம்புகிறார்கள். அது சரியல்ல. நன்றாகக் காய்ந்த பைன் சுத்தமாக எரியும். ஈரமான ஓக் அதைவிட மோசமாகப் புகைபோக்கியை அடைக்கும். மரத்தின் பெயரைவிட அதன் ஈரம்தான் இங்கே கணக்கு.

புகைபோக்கிக்குள் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்டால் அதில் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். அடுப்புக் கதவையும் காற்றுத் திறப்புகளையும் மூடுங்கள். எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். சட்டென்று குளிர்வதால் புகைபோக்கியின் ஓடுகளும் செங்கற்களும் வெடிக்கும், ஆவி உங்கள் மேல் பாயும். தீ அடங்கினாலும் புகைபோக்கியைப் பரிசோதித்த பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும்.

அறிகுறி: விறகு சட்டென்று தீர்ந்துபோகிறது

முதலில் கதவைச் சோதியுங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் போய்விட்டது. நான்கு பக்கமும் பாருங்கள். கதவு இறுக்கமாக இருந்தால் மீதி மூன்று காரணங்கள்: கட்டை மெலிதாகப் பிளக்கப்பட்டிருக்கிறது, சூளையில் அளவுக்கு மேல் உலர்த்தப்பட்டிருக்கிறது, அல்லது மரம் லேசானது.

10 சதவீதத்துக்குக் கீழ் உலர்ந்த விறகு ஒரேயடியாக வாயுவைக் கக்கும். அடுப்பு கொடுக்கும் காற்று அதற்குப் போதாமல் கரும்புகை வரும். "எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு நல்லது" என்பது 15 வரைக்கும்தான் உண்மை. இப்படிப்பட்ட விறகு வந்துவிட்டால் பெரிய கட்டைகளாகப் பொறுக்கி, ஒரு தடவைக்கு இரண்டு மட்டும் போடுங்கள். அடுப்பின் இரும்பு எங்காவது சிவந்து தெரிந்தால் காற்றை உடனே குறையுங்கள்.

அறிகுறி: தீ நன்றாக எரிகிறது, ஆனால் அறை சூடாகவில்லை

ஒரே ஒரு கட்டை எரிகிறதா? தனிக் கட்டை தன் சூட்டை எல்லாப் பக்கமும் இழந்துவிடும். இரண்டு மூன்று சேர்ந்தால் ஒன்றின் தணல் மற்றதைச் சூடாக்கும். காற்று முழுதாகத் திறந்தே கிடக்கிறதா? கட்டைகள் நன்றாகப் பற்றிய பிறகு, தீயின் நாக்குகள் அவசரமில்லாமல் அசையும் அளவுக்குக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் சூடு புகைபோக்கி வழியே போய்விடும்.

இரண்டும் சரியென்றால் மரத்தின் அடர்த்திக்கு வாருங்கள். ஒரு கிலோ உலர்ந்த மரம் எந்த இனமாக இருந்தாலும் தரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபடுவது ஒரு கனமீட்டரில் எத்தனை கிலோ இருக்கிறது என்பது. காய்ந்த நிலையில் கனமீட்டருக்கு ஓக், பீச், ஆஷ் ஆகியவை 700 கிலோவை ஒட்டி இருக்கும், பிர்ச் 650, பைன் 500, ஸ்ப்ரூஸும் பாப்ளரும் 450 அளவில். சவுக்கு இவை எல்லாவற்றையும்விடக் கனம். ஆகவே எடை போட்டு வாங்கினால் லேசான மரத்தால் நட்டமில்லை, அடிக்கடி போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கனஅளவில் வாங்கும்போது பாப்ளருக்கு ஓக்கின் விலை கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தை இழக்கிறீர்கள். உளுத்து இற்றுப்போன கட்டை இன்னும் மோசம். நகத்தால் அழுத்தினால் குழி விழுந்தால் அதன் சத்தைப் பூஞ்சணம் ஏற்கெனவே தின்றுவிட்டது.

அறிகுறி: படபடவென்று வெடிக்கிறது, பொறி பறக்கிறது

பிசின் பைகளும் சிக்கிய நீராவியும் காரணம். மூடிய அடுப்பில் இது ஆபத்தில்லை. கட்டை போடக் கதவைத் திறக்கும்போது மட்டும் முதலில் விரல் அளவு திறந்து சற்று நிறுத்திப் பிறகு முழுதாகத் திறங்கள். தரையில் தீப்பிடிக்காத தகடு இருக்கட்டும்.

அறிகுறி: விசித்திரமான நாற்றம், தீயில் பச்சை நிறம்

உடனே நிறுத்துங்கள். மலிவாக வந்த விறகில் கட்டுமானக் கழிவு கலந்திருக்கிறது. தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய பழைய வேலிக்கால்களும் தளப் பலகைகளும் எரிந்தால் ஆர்செனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைத் தோட்டத்தில் போடவே கூடாது. சரக்கு ஏற்றும் பேலட் பலகை என்றால் முத்திரையைத் தேடுங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூட்டால் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு ஏற்றியது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாததையும் எண்ணெய்க் கறை படிந்ததையும் ஒதுக்குங்கள். கடலில் ஒதுங்கிய மரத்தின் உப்பு இரும்பை அரிக்கும், புகையையும் நச்சாக்கும்.

மரத்திலும் எரிக்கக் கூடாதவை உண்டு. அரளியின் புகை நஞ்சு. தில்லை மரத்தின் பால் பட்டால் கண் பார்வையே போகலாம், அதன் புகையும் கண்ணைத் தாக்கும்.

அறிகுறி: சாம்பல் மிக அதிகம், அடியில் கெட்டிக் கட்டிகள்

சுத்தமான மரத்தின் சாம்பல் அதன் எடையில் ஒரு சதவீதத்துக்கு உள்ளேதான். பட்டையில் அதைப்போல் பல மடங்கு. மண் ஒட்டிய விறகு என்றால் நீங்கள் அள்ளிக் கொட்டுவதில் பாதி மண்ணாகவே இருக்கும். மண்ணும் மணலும் தணல் சூட்டில் சாம்பலோடு உருகிக் கட்டியாகிவிடும். மண்ணில் இழுத்துவந்த தடிகளை வாங்காதீர்கள். வாங்கியாயிற்று என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு அடுக்குங்கள். சாம்பலில் கரித்துண்டுகள் நிறையக் கிடந்தால் அது காற்றுக் குறைவு, விறகின் பிழை இல்லை.

அறிகுறி: அடுக்கி வைத்த விறகில் பூஞ்சணம், மாவுபோல் தூள்

காய்ந்த விறகை வாங்கி, தார்ப்பாயால் நாலாபுறமும் போர்த்தி மூடியதால் வந்த வினை இது. மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி, வெயிலும் காற்றும் படும் பக்கம். மெல்லிய வெண்பூஞ்சணம் வெளியே அடுக்கில் இருந்தால் பயமில்லை, வெயிலில் போட்டால் போய்விடும். அதை வீட்டுக்குள் குவித்து வைக்காதீர்கள், மூச்சுத் தொல்லை வரும்.

மாவுத்தூள் உளுவண்டின் வேலை. விறகின் மேல் பூச்சிமருந்து அடிப்பது தவறு, எரிக்கும்போது அதையே சுவாசிப்பீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். பக்கத்தில் வெட்டிய விறகையே வாங்குவதற்கும் இந்தப் பூச்சிகள்தான் காரணம். வட அமெரிக்காவில் 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டு, மனிதர்கள் தூரதூரமாக ஏற்றிச் சென்ற விறகோடு பரவிக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது.

அறிகுறி: வந்த சுமை சொன்ன அளவுக்கு இல்லை

கொட்டிய நிலையில் ஒரு கனமீட்டர் என்பது அடுக்கினால் 0.6 முதல் 0.7 கனமீட்டர்தான். விற்பவர் ஏமாற்றாமலே உங்களுக்குக் குறைவாகத் தெரியலாம். அதனால் பேசும்போதே "அடுக்கிய அளவா, கொட்டிய அளவா" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கார்டு கணக்கில் விற்கும் இடங்களில் முழு கார்டு என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம் கொண்ட அடுக்கு, 128 கனஅடி. அதே 8 அடி நீளமும் 4 அடி உயரமும் இருந்து, கட்டை 16 அங்குலம்தான் என்றால் அது மூன்றில் ஒரு கார்டு. உயரத்தையும் நீளத்தையும் மட்டும் பார்த்துத் தலையாட்டுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அடுக்கிய பிறகு டேப் வைத்து மூன்று பக்கமும் அளந்து பெருக்குங்கள். அளக்கும் முன் ஒரு கட்டையையும் எரிக்காதீர்கள்.

எடைக்கு வாங்கும்போது ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மொத்த எடையில் 45 சதவீதம் தண்ணீர் உள்ள 1000 கிலோ விறகில் மரம் 550 கிலோ. 20 சதவீதம் உள்ளதில் 800 கிலோ. ஈர விறகின் விலை 30 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால்தான் அது மலிவு, அதுவும் காயவைக்க உங்களுக்கு இடமும் காலமும் இருந்தால்.

"எப்போது வெட்டியது?" என்று கேட்பது போதாது. "எப்போது பிளந்தது?" என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகள் தடியாகக் கிடந்த மரம் உள்ளே இன்னும் பச்சையாகவே இருக்கும். வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன் கோடரியும் மீட்டரும் கையில் இருக்கட்டும். மூன்று கட்டை பிளந்து பார்க்க அனுமதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

அறிகுறி: வாங்கிய சுமை முழுதும் ஈரம், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை

அதை அடுத்த ஆண்டு விறகு என்று ஒதுக்கிவிட்டு, இந்தப் பருவத்துக்குக் கொஞ்சம் காய்ந்த விறகோ அழுத்திச் செய்த மரத்தூள் கட்டையோ தனியாக வாங்குங்கள். ஈரமானதை எரிக்கும் நீளத்துக்கு உடனே அறுத்து, 10 செ.மீ. பருமனுக்குப் பிளந்து, ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். பைன் வகைகள் ஒரு கோடையில் காய்ந்துவிடும், ஆஷுக்கு ஓராண்டு, ஓக்குக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும். அவசரத்துக்கு அடுப்பின் மேலோ ஒட்டியோ கட்டைகளை அடுக்கி உலர்த்தாதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் அவை பற்றிக்கொள்ளும்.

அடுக்கின் நடுவில் எளிதாக உருவக்கூடிய ஒரு கட்டையில் எடையையும் தேதியையும் எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து எடை போடுங்கள். வெயில் மாதத்திலும் எடை குறையாமல் நின்றுவிட்டால் அதைப் பிளந்து நடுவில் குத்திப் பாருங்கள். 20-க்குக் கீழ் வந்தால் எரிக்கலாம், வராவிட்டால் இன்னும் மெலிதாகப் பிளந்து காற்று படும் பக்கம் மாற்றி அடுக்குங்கள்.